மாவுப் பெட்டியும் விருந்தாளியும்: மரியன் மெக்நீலின் ஸ்காட்லாந்து அடுக்களை

ஸ்காட்லாந்தின் பழைய சாப்பாட்டைப் பற்றி யார் எங்கே எழுதினாலும், கொஞ்சம் தோண்டினால் அடியில் ஒரு புத்தகம் தட்டுப்படும். எஃப். மரியன் மெக்நீல் 1929-ல் எழுதிய 'தி ஸ்காட்ஸ் கிச்சன்'. ஹாகிஸ், ப்ரோஸ், பானக், கல்லன் ஸ்கிங்க், பிளாக் பன் என்று இன்று சுற்றுலாத் துண்டறிக்கையில் வரும் பெயர்களில் பாதிக்கு இந்தப் புத்தகம்தான் வீட்டு விலாசம். ஒரு நாட்டின் அந்தக்கால ஏக்கம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்: இந்த ஏக்கம் எதை ஞாபகம் வைத்திருக்கிறது, எதை மறந்துவிடுகிறது? மெக்நீலைக் குறை சொல்லிவிட்டுப் போவது நோக்கமில்லை. புத்தகம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்ததனால்தான் இந்தக் கேள்வி.

யார் இந்த மெக்நீல்

1885-ல் ஆர்க்னி தீவுகளில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட இயக்கத்தில் வேலை செய்தவர். ஸ்காட்டிஷ் தேசியவாதி. ஸ்காட்ஸ் மொழிக்கான பெரிய அகராதித் திட்டத்திலும் பணியாற்றியவர். பிற்காலத்தில் நாட்டார் நம்பிக்கைகள், பண்டிகைகள் பற்றி 'தி சில்வர் பவ்' என்று நான்கு தொகுதிகள் எழுதினார். 1973-ல் இறந்தார்.

இந்தப் பின்னணி முக்கியம். புத்தகம் வந்த நேரத்தைப் பாருங்கள். 1926-ல் ஹ்யூ மக்டியர்மிட் ஸ்காட்ஸ் மொழியில் தன் பெரிய நெடுங்கவிதையை வெளியிடுகிறார். 1928-ல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி தொடங்கப்படுகிறது. அடுத்த வருடம் இந்தச் சமையல் புத்தகம். மொழி, கட்சி, அடுக்களை மூன்றும் ஒரே அலையில் வந்தவை. எல்லா ஊர்ச் சாப்பாடும் ஒரே அச்சாகிக்கொண்டிருக்கிறது, நம்முடையதைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பது அவருடைய கவலை. சமையல் குறிப்பு என்ற பெயரில் அவர் எழுதியது ஓர் அரசியல் வாதம்.

ஓட்ஸ் என்றால் அந்த ஓட்ஸ் இல்லை

புத்தகத்தின் பலம் எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொற்களில்.

நமக்கு ஓட்ஸ் என்றால் டாக்டர் சர்க்கரை நோய் என்று சொன்ன மறுநாள் வீட்டுக்கு வரும் தட்டை அவல். ஸ்காட்லாந்தின் ஓட்மீல் வேறு. அது உமி நீக்கி, கல்லில் அரைத்தது. ரவை மாதிரி, நொய் மாதிரி, பல பருமனில் கிடைக்கும். அதை வைத்திருக்கும் மாவுப் பெட்டிக்குக் கிர்னெல் என்று பெயர். கஞ்சி கிளறும் கட்டைக்கு ஸ்பர்டில். அடை சுடும் இரும்புக் கல்லுக்குக் கிர்டில், ஏறக்குறைய நம் தோசைக்கல். அதில் சுடும் அடை பானக். கொதிக்கவைத்துக் கிளறினால் பாரிட்ஜ். கொதிநீரை மாவின் மேல் ஊற்றி உப்புப் போட்டு அப்படியே சாப்பிட்டால் ப்ரோஸ். அடுப்பில் வேக வைக்கவே தேவையில்லை; வேலைக்கு ஓடுகிற ஆளுக்கான சாப்பாடு.

என்னை மிகவும் கவர்ந்தது சோவன்ஸ். மாவு அரைத்த பிறகு உமியில் கொஞ்சம் மாவு ஒட்டிக்கொண்டிருக்கும் இல்லையா? அந்த உமியைத் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டுப் புளிக்க விடுவார்கள். பிறகு வடிகட்டினால் மாவுச்சத்து அடியில் தங்கும். அதைக் காய்ச்சிக் கஞ்சியாகக் குடிப்பார்கள். வேறு யாராவது மாட்டுக்குப் போட்டிருக்கக்கூடிய பொருளில் இன்னொரு வேளைச் சாப்பாட்டை எடுக்கும் தொழில்நுட்பம் இது. பழைய சோற்று நீராகாரத்தை அறிந்த நமக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட தன் ஆங்கில அகராதியில், ஓட்ஸ் என்பது இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் மனிதர் உண்பது என்ற பொருளில் ஒரு குத்தல் வைத்தார். மெக்நீல் செய்தது அந்தக் குத்தலுக்கு 174 வருடம் கழித்து வந்த விரிவான பதில். கேலி செய்யப்பட்ட சாப்பாட்டுக்கு ஒரு முழு அகராதியே இருக்கிறது என்று எடுத்துப் போட்டுக் காட்டுகிறார். பிரெஞ்சுத் தொடர்பையும் விடவில்லை. பெரிய தட்டுக்கு ஆஷெட், ஆட்டுத் தொடைக்கு ஜிகோ என்று பிரெஞ்சிலிருந்து ஸ்காட்ஸ் மொழிக்கு வந்து தங்கிய அடுக்களைச் சொற்களைத் திரட்டித் தருகிறார். இங்கிலாந்து வழியாக வராமல் நேராக ஐரோப்பாவோடு எங்களுக்கு உறவு இருந்தது என்பது அதில் ஒளிந்திருக்கும் வாதம்.

பல குறிப்புகளுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார். மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், யார் எழுதிய வரி என்பதற்கு வரலாறு இருக்கிறது. அந்த நேர்மையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் ஒரு வேடிக்கையான இடத்தில் போய் நிற்போம்.

இல்லாத ஊர், இல்லாத சத்திரம்

மெக்நீல் அடிக்கடி போய் நிற்கும் மூலம் மெக் டாட்ஸ் என்ற பெண்மணி. க்ளைகம் என்ற சத்திரத்தை நடத்துபவர். 1826-ல் வந்த 'தி குக் அண்ட் ஹவுஸ்வைஃப்ஸ் மேனுவல்' இவர் பெயரில் இருக்கிறது. கறாரான, வாய்த்துடுக்கான, கைமணம் மிக்க பழைய காலத்துச் சத்திரக்காரி.

சிக்கல் என்னவென்றால் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. மெக் டாட்ஸ் வால்டர் ஸ்காட்டின் 'செயின்ட் ரோனன்ஸ் வெல்' நாவலில் வரும் பாத்திரம். நாவல் வெளியாகி மூன்று வருடம்கூட ஆகவில்லை. கிறிஸ்டியன் இசபெல் ஜான்ஸ்டன் என்ற எழுத்தாளர் அந்தப் பாத்திரத்தின் பெயரைப் போட்டுச் சமையல் புத்தகம் எழுதினார். ஜான்ஸ்டன் சாதாரண ஆள் இல்லை. நாவலாசிரியர், பத்திரிகையாளர், பிறகு எடின்பரோவின் ஒரு முக்கியமான மாத இதழுக்கு ஆசிரியராகவே இருந்தவர். குறிப்புகள் உண்மையானவை, நன்றாகவும் இருக்கும். ஆனால் அவற்றைச் சொல்லும் குரல் கற்பனை.

மெக்நீலுக்கு இது தெரியும். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். 1929-ல் ஒருவர் பழைய ஸ்காட்லாந்துக்காக ஏங்குகிறார். அந்த ஏக்கத்துக்கு ஆதாரமாக அவர் கைநீட்டி எடுப்பது 1826-ன் புத்தகம். அந்தப் புத்தகமே அதற்கும் முந்தைய பழைய காலத்துக்காக ஏங்கி, ஒரு நாவலிலிருந்து கிழவியைக் கடன் வாங்கி எழுதப்பட்டது. ஏக்கத்துக்கு ஆதாரம் இன்னொரு ஏக்கம்! இப்படியே பின்னால் போனால் 'அந்தக் காலம்' எங்கேயும் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, ஊரையே டார்ட்டன் துணியில் போர்த்தி விழா எடுத்தவரும் இதே வால்டர் ஸ்காட்தான். நாட்டின் 'பாரம்பரிய' உடைக்கும் 'பாரம்பரிய' சத்திரக்காரிக்கும் ஒரே பேனா. அதே பத்தாண்டுகளில் வடக்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

விருந்தோம்பலின் மறுபக்கம்

ஸ்காட்லாந்து ஏக்கத்தின் இன்னொரு கால் விருந்தோம்பல். முன்பின் தெரியாதவனுக்கும் கதவு திறக்கும், கேள்வி கேட்காமல் சாப்பாடு வரும். இதற்குச் சான்றாகப் பழைய பயணிகளின் எழுத்துகளிலிருந்து எடுத்துக் காட்டுவது வழக்கம். மெக்நீலும் காட்டுகிறார். பொய்யில்லை. 1420-களில், முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், நகரங்களில் சத்திரம் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சத்திரத்துக்கு ஆள் வரவில்லை. எல்லோரும் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டார்கள்! கடைசியில் பயணிகள் நண்பர் வீட்டில் தங்காமல் சத்திரத்தில்தான் தங்க வேண்டும் என்று இன்னொரு சட்டம் போட வேண்டியதாயிற்று. வீடுகளின் கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஆனால் இந்த நாணயத்தைத் திருப்பிப் போட வேண்டும். கெயிலிக் பகுதிகளில் குயிட்-ஓய்ச்சே என்று ஒரு வழக்கம் இருந்தது. 'இரவின் பங்கு' என்று பொருள். தலைவனும் அவன் பரிவாரமும் வந்தால் குடியானவன் ஓர் இரவு சாப்பாடும் படுக்கையும் தர வேண்டும். இது அன்பு இல்லை, வரி. வரி கட்டுகிற வீட்டில் விருந்தாளிக்குச் சிரித்த முகம் காட்டித்தான் ஆக வேண்டும்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு: சார்னிங். ஆயுதத்தோடு வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மிரட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போவது. 1609-ல் தீவுகளின் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கிய அயோனா ஒப்பந்தங்களில் இதைத் தடுக்கும் விதி இருக்கிறது. பயணிகளின் பாரம் குடிகள் தலையில் விழாமல் இருக்கச் சத்திரங்கள் கட்டச் சொல்லும் விதியும் இருக்கிறது. அந்த ஒப்பந்தங்களுக்கு வேறு நோக்கங்களும் உண்டு. கெயிலிக் சமூகத்தை ஒடுக்க எடின்பரோ அரசு எடுத்த முயற்சி அது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் 'விருந்தாளி' என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கிய வீடுகள் இருந்தன என்பதற்கு அது சாட்சி.

கடைசியாகக் க்ளென்கோ. 1692 பிப்ரவரி தொடக்கத்தில் அரசுப் படை ஒன்று மக்டானல்டுகளின் பள்ளத்தாக்குக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு, சேர்ந்து சீட்டு விளையாடி, 13-ஆம் தேதி விடியும் முன் சுமார் 38 பேரைக் கொன்றது. பனியில் ஓடி இறந்தவர்கள் தனி. அந்தக் காலத்து மலைநாட்டில் படுகொலை புதிதில்லை. இந்தக் கொலை மட்டும் முந்நூறு வருடம் தாண்டியும் ஆறாமல் இருப்பதற்குக் காரணம், உப்பிட்டவர்களைக் கொன்றதுதான். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் 'நம்பிக்கையில் இருக்கும்போது செய்யும் கொலை' என்று தனி வகையே இருந்தது, சாதாரணக் கொலையைவிடக் கொடிய குற்றமாக.

இங்கேதான் விருந்தோம்பல் என்றால் என்ன என்று எனக்குப் புரிகிறது. அது ஒரு இனத்தின் இரத்தத்தில் ஊறிய நல்ல குணம் என்று சொல்லும்போது, அது பூச்செண்டு ஆகிவிடுகிறது. காவல்நிலையமும் ஓட்டலும் இல்லாத மலைநாட்டில், குளிரில் வெளியே விட்டால் ஆள் செத்துப்போவான் என்ற நிலையில், ஒருவருக்கொருவர் உயிர் பிழைக்க வைத்துக்கொண்ட ஒப்பந்தம் அது. வலுத்தவன் அதை வரியாக்கினான். துரோகி அதை ஆயுதமாக்கினான். அவ்வளவையும் தாண்டி ஏழை வீடு அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வீட்டின் பெருமை முழுசாகத் தெரியும்.

'அமெரிக்கா' என்று ஒரு நடனம்

1773-ல் ஜான்சனும் பாஸ்வெலும் மலைநாட்டுக்கும் தீவுகளுக்கும் போனார்கள். க்ளெனெல்க் என்ற இடத்துச் சத்திரத்தில் சாப்பிட ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வைக்கோலில் படுத்துத் தூங்கினார் ஜான்சன். ஆனால் ராசே தீவின் தலைவர் வீட்டில் விருந்தும் நடனமும் தடபுடல். ஸ்காட்லாந்தின் காலை உணவை அதே ஜான்சன் மனசாரப் பாராட்டினார். ஏக்கப் புத்தகங்கள் அந்தப் பாராட்டை எடுத்துக்கொள்ளும். வைக்கோல் படுக்கையைச் சிரிப்புக்கு வைத்துக்கொள்ளும்.

அதே பயணத்தில் ஸ்கை தீவில் ஒரு வீட்டில் பாஸ்வெல் பார்த்த ஒரு நடனத்தைப் பற்றி எழுதுகிறார். அதன் பெயர் 'அமெரிக்கா'. ஒருவர் சுழல ஆரம்பிக்க, அடுத்தவரைத் தொற்றிக்கொள்ள, கடைசியில் எல்லோரும் சுழல்கிறார்கள். ஊரை விட்டுக் கப்பலேறுவது எப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்பதற்கான ஆட்டம் அது. வாடகை ஏறிக்கொண்டிருந்தது, ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். விருந்தாளிக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, தாங்கள் கிளம்பப்போவதை அவர் முன்னாலேயே ஆடிக் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்த ஐம்பது வருடத்தில் அது கட்டாயமாயிற்று. சதர்லாந்தில் 1810-களில் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து குடும்பங்களைக் கிளப்பிவிட்டு, அந்த நிலத்தைச் செம்மறி ஆட்டுப் பண்ணைகளுக்குக் கொடுத்தார்கள். வெளியேறியவர்களைக் கடலோரம் குடியேற்றி மீன் பிடிக்கச் சொன்னார்கள். ஹெல்ம்ஸ்டேல் அப்படி உருவான ஹெர்ரிங் மீன் ஊர்களில் ஒன்று. மாடும் ஓட்ஸும் பாலும் தெரிந்த ஜனங்கள் உப்புக் கண்டம் போட்ட ஹெர்ரிங்குக்கும் உருளைக்கிழங்குக்கும் மாறினார்கள். 1846-ல் உருளைக்கிழங்கு நோய் வந்தபோது அதுவும் போயிற்று. இன்று உப்பு ஹெர்ரிங்கும் உருளைக்கிழங்கும் மலைநாட்டின் 'பாரம்பரிய உணவு'. உண்மைதான். ஆனால் அந்தப் பாரம்பரியத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு, பிறப்பித்த பண்ணையாரும் உண்டு.

டார்ட்டன் திருவிழாவும் மெக் டாட்ஸின் சமையல் புத்தகமும் வந்தது, கிளப்பிவிடப்பட்டவர்களின் அடுப்புச் சாம்பல் ஆறாத காலத்தில். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்காத எந்த ஏக்கத்தையும் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

சர்க்கரை, தேயிலை

ஷார்ட்பிரெட், டண்டீ கேக், மார்மலேட் மூன்றும் இனிப்பு. சர்க்கரை ஸ்காட்லாந்தில் விளையவில்லை. கிளாஸ்கோவுக்கு அருகில் கிரீனக் துறைமுகத்தில் 1765-லிருந்து சர்க்கரை ஆலைகள் வந்தன. கரும்பு கரீபியத் தீவுகளில், அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. எதிர்த்திசையில் ஸ்காட்லாந்தின் உப்பு ஹெர்ரிங் பீப்பாய்கள் அந்த அடிமைகளுக்குச் சாப்பாடாகக் கப்பலேறின. பாட்டி வீட்டு ஷார்ட்பிரெட் டப்பாவுக்குள் இவ்வளவு கடல் இருக்கிறது.

தேயிலைக் கதை நமக்கு இன்னும் கிட்டத்தில். மேற்குத் தீவுகளில் வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்கும் ஒரு கோப்பைத் தேநீருக்கு ஸ்த்ரூபாக் என்று அழகான பெயர் உண்டு. அது இல்லாமல் யாரும் கிளம்ப முடியாது. கின்கார்டின்ஷயரிலிருந்து போன ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867-ல் கண்டிக்கு அருகில் லூல்கந்துரா தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். கிளாஸ்கோவின் தாமஸ் லிப்டன் 1890-ல் இலங்கையில் தோட்டங்களை வாங்கி, தேநீரை ஏழை வீட்டுக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தார். கொழுந்து பறித்தவர்கள் மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள். ஸ்த்ரூபாக் கோப்பையின் இன்னொரு முனையில் லயத்து வீடு இருக்கிறது. விருந்தோம்பலுக்கு ஆன செலவு முழுவதையும் விருந்து வைத்தவர் மட்டும் கொடுத்துவிடவில்லை.

கிளறியது யார்?

ஓட்டுரிமைக்காகப் போராடியவர் எழுதிய புத்தகம் இது. ஆனாலும் படிக்கும்போது சட்டியைக் கிளறிய கை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பிரபு வீட்டு மேஜையும் குடிசை அடுப்பும் ஒரே அட்டைக்குள் அடுத்தடுத்த பக்கங்களில் வந்துவிடுகின்றன. மான் கறியும் சோவன்ஸும் ஒரே 'தேசிய உணவு'. தேசம் என்ற சொல்லுக்கு இப்படி ஒரு வசதி உண்டு: சாப்பிட்டவனையும் பரிமாறியவளையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துப் படம் எடுத்துவிடும்.

வடகிழக்குப் பண்ணைகளில் உழவர்கள் பாத்தி என்ற கொட்டகையில் படுத்து, கூலியின் ஒரு பகுதியாக அளந்து தரப்பட்ட ஓட்மீலில் வேளைக்கு வேளை ப்ரோஸ் கலக்கிச் சாப்பிட்டார்கள். அவர்களைக் கேட்டால் ப்ரோஸ் ஏக்கத்துக்குரிய பொருள் என்று சொல்லியிருப்பார்களா? செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 'மீல் மண்டே' என்று ஒரு விடுமுறை இருந்தது. மாணவர்கள் ஊருக்குப் போய் மாவு மூட்டையை நிரப்பிக்கொண்டு வர. ஒருவனுக்குச் சலிப்பு, இன்னொருவனுக்குப் படிப்பு. மாவு ஒன்றுதான்.

அப்படியானால் ஏங்கக் கூடாதா?

ஏங்கலாம். மெக்நீல் அன்று எழுதி வைக்காமல் போயிருந்தால் சோவன்ஸைப் பற்றி நான் இங்கே பேசிக்கொண்டிருக்க வாய்ப்பில்லை. நான் கேட்பது, மாறியதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஏக்கம். கல்லன் ஸ்கிங்க் அதற்கு நல்ல பாடம். ஸ்கிங்க் என்றால் மாட்டின் முழங்கால் கறி. அந்த எலும்பைப் போட்டுக் காய்ச்சும் சூப்புக்கும் அதுவே பெயர். கடலோர ஊரான கல்லனில் கைக்குக் கிடைத்தது புகையூட்டிய ஹாடக் மீன். மாடு போயிற்று, மீன் வந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. பெயரையே விசாரித்தால் போதும், வரலாறு தானாக வெளியே வரும்.

1984-லேயே காய்கறி ஹாகிஸ் எடின்பரோவில் விற்பனைக்கு வந்துவிட்டது. 2009-ல் கிளாஸ்கோவின் எம்.பி. முகமது சர்வார், சிக்கன் டிக்கா மசாலா எங்கள் ஊர்ப் பண்டம், அதற்கு ஐரோப்பியப் பாதுகாப்புப் பெயர் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். உரிமை கிடைக்கவில்லை, அது அங்கேதான் பிறந்ததா என்பதிலும் சண்டை உண்டு. ஆனால் மெக்நீல் இன்று அந்தப் புத்தகத்தை எழுதினால், வந்தேறிய பிரெஞ்சுச் சொற்களுக்கு இடம் கொடுத்தவர் இந்த மசாலாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டியிருக்கும். வந்தவருக்கு இடம் கொடுப்பதுதான் விருந்தோம்பல் என்றால், சமையல் புத்தகத்துக்கும் அது பொருந்தும்தானே?

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. 'தி ஸ்காட்ஸ் கிச்சன்' புத்தகத்தைத் தனியாகப் படிக்காதீர்கள். பக்கத்தில் ஜான் ப்ரெபிளின் 'தி ஹைலேண்ட் கிளியரன்ஸஸ்' ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு அத்தியாயம், அதில் ஒரு அத்தியாயம். பானக் செய்முறையைப் படித்த கையோடு, அந்தக் கிர்டில் எந்த வீட்டிலிருந்து எந்தக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்டது என்பதையும் படித்துவிடலாம்.